ஹோட்டல் நிர்வாகத்தில் மேற்படிப்பு: கிராமத்துப் பெற்றோர் அறிய வேண்டியவை

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கும் உழவர்களுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



விதை, உரம், பாசனம், சாலை, பள்ளிக்கூடம் ஆகியவற்றைப் பற்றி ஆராய்வதற்காகக் கூடியுள்ள இம்முகாமில் ஹோட்டல் நிர்வாகப் படிப்பைப் பற்றிப் பேசுவதற்கு எங்களை அழைத்திருப்பது உங்களில் சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும், இப்படிப்பை நாடிவரும் இளைஞர்களில் பலர் இன்று கிராமங்களிலிருந்தே வருகின்றனர். அவர்களுடைய கல்விச் செலவு பெரும்பாலும் நிலத்திலிருந்தே வருகிறது. நிலம் சம்பந்தப்பட்ட எந்தச் செய்தியும் இம்முகாமுக்கு அந்நியமானது அன்று.

இவ்வுரைக்கு எங்களைத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் உயர்நிலைப் பள்ளியின் ஆண்டு விழாவில் ஹோட்டல் தொழிலின் பெருமையை நாங்கள் விரிவாக எடுத்துரைத்தோம். முதுநிலைப் பட்டம் பெற்றவர்கள் பெரிய பதவிகளை அடைகிறார்கள் என்று சொன்னோம். அது பொய்யன்று. ஆனால் அப்பதவிகளை அடைவதற்கு எத்தனை ஆண்டு உழைப்பு வேண்டும் என்பதை அன்று சொல்லாமல் விட்டுவிட்டோம். அக்கூட்டத்திலிருந்த உழவர் ஒருவர், ஏற்கெனவே இளநிலைப் பட்டம் பெற்றிருந்த தம் மகனை வெளிநாட்டில் மேற்படிப்புக்கு அனுப்ப, ஒன்றரை ஏக்கர் நன்செயை விற்றுவிட்டார். மகன் பட்டத்துடன் திரும்பி வந்தான். ஆனால் முன் அனுபவம் ஏதும் இல்லாததால், பட்டம் பெறாத அவன் தோழர்கள் பார்த்துவந்த அதே ஆரம்ப வேலைதான் அவனுக்கும் கிடைத்தது. அவர் எங்களிடம் வந்து, “ஐயா, அன்றைக்கு மேடையில் முழுவதையும் சொல்லியிருந்தால் நான் இரண்டு வருஷம் பொறுத்திருப்பேனே” என்றார். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எங்களுக்கு ஒருவாறு ஆறுதலாக இருந்திருக்கும். அன்று சொல்லாமல் விட்டதை இன்று உங்கள் முன் முழுமையாகச் சொல்வதே எங்கள் நோக்கம்.

வேளாண்மைக் கல்லூரியில் பிறந்த படிப்பு

ஹோட்டல் தொழிலைக் கற்பிக்கும் உலகின் முதல் பள்ளி 1893ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டின் லோசான் நகரில் தொடங்கப்பட்டது. அங்கே சமையல், பரிமாறுதல், வரவேற்பு முதலிய கைத்தொழில்களே முதன்மை பெற்றன. இத்தொழிலைப் பல்கலைக்கழகப் பாடமாக ஆக்கிய பெருமை அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்கா நகரிலுள்ள கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேரும்.

உழவர்களாகிய நீங்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இதில் உண்டு. 1862ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் வேளாண்மையும் இயந்திரத் தொழிலும் கற்பிக்கும் கல்லூரிகளுக்கு நிலம் மானியமாக அளிக்கும் சட்டம் ஒன்றை இயற்றியது. அச்சட்டத்தின் பயனைப் பெற்ற கல்வி நிலையங்களுள் கார்னெலும் ஒன்று. அங்கே 1900ஆம் ஆண்டில் மார்த்தா வான் ரென்சலேர் என்னும் அம்மையார், உழவர் மனைவியருக்காக வீட்டு நிர்வாகப் பாடங்களை அஞ்சல் வழியே அனுப்பத் தொடங்கினார். நாளடைவில் அந்த முயற்சி வேளாண்மைக் கல்லூரியில் ஒரு மனையியல் பிரிவாக வளர்ந்தது. 1922ஆம் ஆண்டில் ஹோட்டல் நிர்வாகப் படிப்பு அந்த மனையியல் பிரிவிலேதான் தொடங்கப்பட்டது. ஹோவர்ட் மீக் என்னும் கணித ஆசிரியர் அதற்குப் பொறுப்பேற்றார். முதலில் சேர்ந்த மாணவர்கள் 21 பேர். ஆகவே, உழவர் குடும்பங்களுக்குப் பாடம் சொல்லப் பிறந்த பிரிவின் மடியிலே வளர்ந்ததுதான் இந்தப் படிப்பு.

தொடக்கத்தில் தொழிலதிபர்கள் எல்லோரும் இதை வரவேற்கவில்லை. அமெரிக்காவின் புகழ்பெற்ற ஹோட்டல் அதிபரான எல்ஸ்வொர்த் ஸ்டாட்லர், சிறு வயதிலேயே கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை செய்து, பின்பு ஒரு ஹோட்டலில் விருந்தினரின் பெட்டிகளைச் சுமக்கும் பையனாகச் சேர்ந்து முன்னேறியவர். இத்தொழிலைக் கல்லூரியில் கற்க முடியாது என்பது அவருடைய எண்ணம். 1927ஆம் ஆண்டில் கார்னெல் மாணவர்கள் தாங்களே நடத்திக் காட்டிய ஹோட்டல் விழாவை நேரில் கண்டபின் அவர் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். மறு ஆண்டே அவர் காலமானார். ஆயினும் அவருடைய அறநிறுவனம் அளித்த பொருளுதவியைக் கொண்டு 1950ஆம் ஆண்டில் அப்பள்ளிக்குத் தனிக் கட்டடம் எழும்பியது. கைப்பழக்கமும் கல்வியும் ஒன்றையொன்று மதிக்க வேண்டும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

நம் நாட்டில் இப்படிப்பு உணவுப் பிரச்சினையோடு தொடர்புடையதாகவே தோன்றியது. அகில இந்தியப் பெண்கள் மத்திய உணவுக் கழகத்தின் முயற்சியால், திருமதி லீலாவதி முன்ஷி அவர்களின் ஊக்கத்தில், 1954ஆம் ஆண்டில் பம்பாயில் முதல் பயிற்சி நிலையம் அமைந்தது. ஹோட்டல் நிர்வாகம், சமையல் நுட்பம் ஆகியவற்றோடு ஊட்ட உணவியலும் இந்நிலையங்களின் பெயரில் இடம்பெற்றிருப்பது குறிப்பிடத்தக்கது. சென்னையில் மத்திய அரசாங்கத்தின் நிலையம் 1963ஆம் ஆண்டில் தொடங்கியது. அது இப்போது தரமணியில் இருக்கிறது. திருச்சிராப்பள்ளிக்கு அருகில் துவாக்குடியிலும் ஒரு மாநில நிலையம் உண்டு. உணவுத் துறையின் கீழ் இருந்த இக்கல்வி, 1982ஆம் ஆண்டில் சுற்றுலாத் துறையின் பொறுப்புக்கு மாறியது. அவ்வாண்டிலேயே இதற்கெனத் தேசியக் கவுன்சில் ஒன்றும் அமைக்கப்பட்டது. அக்கவுன்சிலின் கீழ்ச் சில நிலையங்களில் விருந்தோம்பல் நிர்வாகத்தில் எம்.எஸ்ஸி. பட்டம் இரண்டாண்டுப் படிப்பாக நடத்தப்படுகிறது. பல்கலைக்கழகங்கள் சில இத்துறையில் எம்.பி.ஏ. பட்டமும் அளிக்கின்றன.

முதுநிலையில் என்ன கற்கிறார்கள்?

“சமைக்கவும் பரிமாறவும் எதற்காக இரண்டு பட்டம்?” என்று பலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். சமைக்கவும் பரிமாறவும் அறையைத் துப்புரவு செய்யவும் இளநிலைப் படிப்பிலும் குறுகிய காலப் பயிற்சிகளிலும் கற்றுக்கொள்ளலாம். முதுநிலைப் படிப்பு கைக்குத் தரும் பயிற்சி குறைவு. கணக்குக்கும் ஆராய்ச்சிக்கும் தரும் பயிற்சியே மிகுதி. வருவாய், செலவு, ஆட்களை நடத்தும் முறை, தொழிற்சட்டம், உணவுப் பாதுகாப்பு, விற்பனை ஆகியவையே அதன் பாடங்கள். இரண்டு உதாரணங்களால் இதை விளக்குகிறோம். இவற்றில் வரும் தொகைகள் கணக்குக்காக நாங்கள் வைத்துக்கொண்டவை.

முதலாவது, அறை வாடகை. பறித்த தக்காளியை இரண்டு நாள் வைத்திருந்தாவது விற்கலாம். ஹோட்டல் அறைக்கு அந்த வசதியும் இல்லை. இன்றிரவு காலியாகக் கிடந்த அறையை நாளை இருமுறை விற்க இயலாது. ஒரு விடுதியில் 20 அறைகள் உள்ளன. வாடகை 1,000 ரூபாய். அன்று நிரம்பியவை 12 என்று கொள்வோம். வருவாய் 12,000 ரூபாய். வாடகையை 750 ரூபாயாகக் குறைத்தால் 18 அறைகள் நிரம்புகின்றன. வருவாய் 13,500 ரூபாய். மேலோட்டமாகப் பார்த்தால் 1,500 ரூபாய் ஆதாயம். ஆனால் நிரம்பும் ஒவ்வோர் அறைக்கும் சலவை, தண்ணீர், மின்சாரம், துப்புரவு ஆகியவற்றுக்கு 250 ரூபாய் செலவாகிறது. 12 அறைக்கு 3,000. 18 அறைக்கு 4,500. செலவு போக இரண்டு வகையிலும் மிஞ்சுவது 9,000 ரூபாயே! வேலை கூடியது, மிச்சம் கூடவில்லை. விடுதி நிரம்பி வழிகிறது என்று மகிழ்ந்திருப்பவர் ஒரு நிர்வாகி; இக்கணக்கைப் போட்டுப் பார்த்து முடிவு செய்பவர் மற்றொரு நிர்வாகி. முதுநிலைப் படிப்பு இரண்டாமவரை உருவாக்க முயல்கிறது.

இரண்டாவது, காய்கறிக் கொள்முதல். இதனை உழவர்கள் ஊன்றிக் கேட்க வேண்டும். ஒரு வியாபாரி காலிஃபிளவரைக் கிலோ 30 ரூபாய்க்குக் கொடுக்கிறார். பத்துக் கிலோவின் விலை 300 ரூபாய். தழையும் தண்டும் பழுதும் கழித்தபின் சமையலுக்குத் தேறுவது 6 கிலோ. ஆகவே அடுப்பேறும் காயின் உண்மையான விலை கிலோ 50 ரூபாய். மற்றோர் உழவர் தழையை அரிந்து, பழுதை நீக்கித் தரம் பிரித்து, கிலோ 36 ரூபாய் கேட்கிறார். பத்துக் கிலோவின் விலை 360 ரூபாய். தேறுவது 8 கிலோ. உண்மையான விலை கிலோ 45 ரூபாய். விலை அதிகமாகக் கேட்டவருடைய சரக்கே மலிவானது என்பது இதனால் விளங்கும். கணக்கறிந்த ஹோட்டல் நிர்வாகியிடம் தரமான சரக்கை விளைவிப்பவர் தயங்காமல் நல்ல விலை கேட்கலாம். கணக்கறியாதவரிடம் கேட்டால், “அவன் 30 ரூபாய்க்குத் தருகிறானே” என்ற பதில்தான் வரும். எனவே, இப்படிப்பில் உங்கள் பிள்ளை சேராவிட்டாலும், இதைப் படித்தவர் ஹோட்டலில் அமர்வது உங்களுக்கு நன்மையே.

இவ்வாறே, உணவுப் பட்டியலில் எந்தப் பண்டம் அதிகம் விற்கிறது, எது அதிக ஆதாயம் தருகிறது என்று இரண்டையும் சேர்த்துப் பகுத்தாராயும் முறையை 1982ஆம் ஆண்டில் அமெரிக்கப் பேராசிரியர்களான கசவானாவும் ஸ்மித்தும் வகுத்துத் தந்தனர். உணவில் கேடு நேரக்கூடிய கட்டங்களை முன்கூட்டியே கண்டறிந்து காவல் செய்யும் முறை, 1960களில் விண்வெளி வீரர்களின் உணவுக்காக வகுக்கப்பட்டது. இன்று அது பெரிய சமையற்கூடங்களில் எல்லாம் கையாளப்படுகிறது. இவற்றையெல்லாம் மாணவர்கள் கற்பதோடு, ஏதேனும் ஒரு பிரச்சினையை எடுத்துக்கொண்டு தாமே ஆராய்ந்து கட்டுரையும் எழுத வேண்டும்.

யார் படிக்கலாம்? எப்பொழுது படிக்கலாம்?

இப்படிப்பு மூன்று வகையினருக்கு உண்மையில் பயன் தரும். முதல் வகையினர், கல்லூரிகளில் ஆசிரியராக விரும்புபவர்கள். இத்துறை ஆசிரியர்களுக்குத் தேசியக் கவுன்சில் தனியே தகுதித் தேர்வு நடத்துகிறது. இரண்டாம் வகையினர், சில ஆண்டுகள் தொழிலில் இருந்து, பகுதித் தலைவர் பதவியிலிருந்து மேலே செல்ல வேண்டியவர்கள். மூன்றாம் வகையினர், சொந்தமாக விடுதியோ உணவுச்சாலையோ நடத்துபவர்கள் அல்லது நடத்த எண்ணியுள்ளவர்கள்.

இளநிலைப் பட்டம் பெற்ற கையோடு, வேறு வேலை கிடைக்காத காரணத்தால் மேற்படிப்பில் சேருவதை நாங்கள் ஊக்குவிப்பதில்லை. நாற்றங்காலில் வேர் பிடிக்காத நாற்றைப் பறித்து நட்டால் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு ஆண்டுகளாவது சமையற்கூடத்திலோ, வரவேற்புப் பகுதியிலோ, கொள்முதல் பகுதியிலோ நின்று பழகியவன், வகுப்பில் ஆசிரியர் சொல்வதைத் தன் அனுபவத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பான். ஆசிரியர் ஆவதற்கும் இவ்வனுபவம் பெருந்துணை. அனுபவமில்லாதவன் பாடத்தை மனப்பாடம் செய்து பட்டம் வாங்குவான். பின்பு ஆரம்ப வேலைக்கே வருவான்.

தொழிலின் கடுமையையும் மறைக்கக் கூடாது. பண்டிகை நாட்களில் ஊர் முழுவதும் வீட்டில் இருக்கும்போது ஹோட்டல் ஊழியர் வேலையில் இருப்பார். இரவு முறை உண்டு. நெடுநேரம் நிற்க வேண்டும். தொடக்கச் சம்பளம் குறைவு. இதையெல்லாம் தெரிந்துகொண்டு, “ஆயினும் எனக்கு இத்தொழில்தான் பிடித்திருக்கிறது” என்று சொல்லும் பிள்ளையைத் தடுக்காதீர்கள்.

மற்றொரு தடையும் இருக்கிறது. “சோறு விற்பது நமக்குக் கௌரவமா?” என்று கேட்கும் பெரியவர்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கின்றனர். பெண் பிள்ளை என்றால் எதிர்ப்பு இருமடங்காகிறது. வழிப்போக்கருக்குச் சத்திரம் கட்டிச் சோறிட்ட நாடு இது. தஞ்சையை ஆண்ட சரபோஜி மன்னர் ஒரத்தநாட்டில் அமைத்த முக்தாம்பாள் சத்திரம் இன்றும் நம் கண்முன் நிற்கிறது. பசித்தவனுக்குச் சுத்தமான உணவும் களைத்தவனுக்குப் பாதுகாப்பான இடமும் தருவதில் இழிவு ஏதும் இல்லை. நம் நாட்டில் இக்கல்விக்கு வித்திட்டவர்களே பெண்கள்தாம் என்பதையும் அப்பெரியவர்களுக்கு நினைவூட்டலாம்.

நிலத்தை விற்பதற்கு முன்

பெற்றோர்கள் பணம் கட்டுவதற்கு முன் ஐந்து கேள்விகளுக்கு விடை காண வேண்டும்.

ஒன்று: பட்டம் அளிப்பது யார்? அழகிய கட்டடத்தையும் விளம்பரத்தையும் கண்டு மயங்க வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தின் பட்டமா என்பதை விசாரிக்க வேண்டும். “டிப்ளமோ” என்ற பெயரில் தனியார் அளிக்கும் சான்றிதழ் வேறு, பட்டம் வேறு.

இரண்டு: என் பிள்ளைக்கு அதில் சேரத் தகுதி உண்டா? தேசியக் கவுன்சிலின் எம்.எஸ்ஸி. படிப்பு இத்துறையில் இளநிலைப் பட்டம் பெற்றவர்களுக்கு உரியது. வேறு பட்டம் பெற்றவர்களை ஏற்கும் எம்.பி.ஏ. படிப்புகள் தனியே இருக்கின்றன.

மூன்று: கட்டணத்தோடு விடுதிச் செலவு, உடை, புத்தகம், பயிற்சிக் காலச் செலவு எல்லாம் சேர்த்து மொத்தம் என்ன? எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள்.

நான்கு: சென்ற ஆண்டு படித்து முடித்தவர்கள் இன்று எங்கே, என்ன சம்பளத்தில் இருக்கிறார்கள்? கல்லூரி சொல்வதோடு நில்லாமல், அவர்களில் இருவரையாவது நேரில் கண்டோ தொலைபேசியிலோ விசாரியுங்கள்.

ஐந்து: வங்கிக் கடன் கிடைக்குமா? 7.5 இலட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடன்களுக்கு ஈட்டுச் சொத்து இன்றியே உத்தரவாதம் அளிக்கும் திட்டம் ஒன்றை மத்திய அரசாங்கம் 2015ஆம் ஆண்டில் ஏற்படுத்தியது. நிலப் பத்திரத்தை வெளியே எடுப்பதற்கு முன் வங்கிக்குச் சென்று இதைக் கேளுங்கள். கடனும் சுமைதான், திருப்பிக் கட்ட வேண்டியதுதான். ஆனால் கடன் ஒருநாள் தீரும். விற்ற நிலமோ, அதே விலைக்குத் திரும்பி வராது.

வெளிநாட்டுப் படிப்பே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. அனுபவமும் உதவித்தொகையும் உள்ளவர்கள் தாராளமாகச் செல்லலாம். குடும்பத்தின் ஒரே ஆதாரமான நிலத்தை விற்றுச் செல்ல வேண்டாம் என்பதே எங்கள் வேண்டுகோள்.

ஊராட்சி மன்றங்கள் செய்யத்தக்கவை

ஊராட்சி மன்ற உறுப்பினர்கள் செய்யக்கூடிய பணிகள் சில உண்டு. நுழைவுத் தேர்வு அறிவிப்புகளையும் கடைசித் தேதிகளையும் ஊர் நூலகத்திலும் மன்ற அலுவலகத்திலும் ஒட்டச் செய்யலாம். நாங்கள் சொன்ன ஐந்து கேள்விகளையும் அதன் பக்கத்திலேயே எழுதி வைக்கலாம். இத்துறையில் வேலை பார்க்கும் உள்ளூர் இளைஞர் விடுமுறையில் வரும்போது, மாணவர்களையும் பெற்றோரையும் கூட்டி அவரைப் பேசச் சொல்லலாம். எங்களைப் போன்ற ஆசிரியர்களின் பேச்சைவிட அது மிகுந்த பயன் தரும்.

உழவர்கள் பத்துப் பதினைந்து பேராகச் சேர்ந்து, காய்கறிகளைத் தரம் பிரித்து, நாள் தவறாமல், அளவு குறையாமல் அனுப்பும் ஏற்பாட்டைச் செய்தால், அருகிலுள்ள நகர ஹோட்டல்களோடு நேராகவே பேசலாம். ஹோட்டல்காரருக்கு மலிவைவிட ஒழுங்கே முக்கியம். திங்கட்கிழமை வந்து செவ்வாய்க்கிழமை வராத காய் அவருக்கு உதவாது.

கோயில், அருவி, மலை முதலியவற்றைக் காண வெளியூரார் வரும் கிராமங்களில், வீட்டில் ஓர் அறையை ஒதுக்கி விருந்தினரைத் தங்கவைக்கும் வழக்கம் பரவி வருகிறது. அங்கே குடிநீர், கழிப்பிடம், குப்பை அகற்றல் ஆகியவற்றில் ஊராட்சியின் பொறுப்பு பெரிது. உணவு விற்கும் சிறு கடைக்காரரும் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பதையும் எடுத்துச் சொல்லலாம். இத்துறையில் பட்டம் பெற்ற நம் பிள்ளைகள் சிலர் என்றேனும் ஊருக்குத் திரும்பித் தொழில் நடத்த எண்ணினால், அதற்கேற்ற நிலையில் ஊர் இருக்க வேண்டும் அல்லவா?

பெரியோர்களே! நிலத்தை விற்ற அந்த உழவரின் மகன் இப்போது ஒரு ஹோட்டலின் கொள்முதல் பகுதியில் பொறுப்பான வேலையில் இருக்கிறான். அவன் கற்ற கல்வி வீண்போகவில்லை. ஆனால் அவன் தகப்பனார் இன்று பிறர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறார். இரண்டாண்டு பொறுத்து, வங்கிக் கடனில் படித்திருந்தால், கல்வியும் கிடைத்திருக்கும், நிலமும் நின்றிருக்கும். உங்களில் ஒருவரேனும் அவ்வாறு செய்ய இவ்வுரை உதவுமானால், அந்த ஆண்டு விழாவில் நாங்கள் சொல்லாமல் விட்டதற்கு ஓரளவு ஈடு செய்தவர்களாவோம்.